எட்டாம் குடியிருப்பிலிருந்து ஒரு மனு

தனம் அழவில்லை என்பதுதான் வேங்கிக்காலில் அந்தத் தெருவுக்கு எட்டு மாசமாகப் பேச்சு. புருஷன் செத்த அன்றைக்கும் அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கும் அழவில்லை. சுற்றி நின்ற பொம்பளைகள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் பந்தல் மூங்கிலை எண்ணுகிறவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். அந்தாள் மேல இவளுக்கு எப்பவுமே ஒட்டுதல் கம்மி என்று இன்னும் சிலர். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்கிறதே என்று பேசுவார்கள்.

நடந்தது இதுதான். அவள் புருஷன் சகாதேவன் ஆட்டோ ஓட்டுகிறவன். நாற்பத்துநாலு வயசு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு, காலை பத்து மணி வெயிலில் ஹேண்டில்பார் மேல் கையை வைத்து, கை மேல் தலையை வைத்துக் கண்ணை மூடினான். அவ்வளவுதான். இரண்டு சவாரிகள் வந்து, ‘அண்ணே, அண்ணே’ என்று கூப்பிட்டுப் பார்த்து, பாவம் தூங்குறாரு என்று அடுத்த வண்டியில் ஏறிப் போயிருக்கிறார்கள். மூன்றாவதாக வந்த ஆள்தான் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

போன் வந்தபோது தனம் மனு எழுதிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு. மனு வாங்கும் பெரிய ஆபீசுக்கு எதிரே, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. திங்கட்கிழமை மனு நாள். அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் முதல் பஸ்சில் வந்து இறங்குகிறவர்கள் நேராக அவளிடம்தான் வருவார்கள். மற்ற நாளில் கூட்டம் ஜாஸ்தி இருக்காது, ஆனாலும் ஆள் வரும். பட்டா மாறவில்லை, பாதையை அடைத்துவிட்டான், முதியோர் உதவித்தொகை நின்றுபோச்சு என்று ஒரு மணிநேரம் சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள். அதை ஒரு பக்கத்தில் இறக்கி வைப்பது தனத்தின் வேலை. போனைக் கேட்டாள். “சரி” என்றாள். எதிரே இருந்த பெரியவருடைய மனுவில் இன்னும் மூன்று வரி பாக்கி. அந்த மூன்று வரியையும் எழுதி முடித்து, மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். அவள் கல்நெஞ்சுக்காரி என்பதற்கு ஊர் இன்றைக்கும் எடுத்துக் காட்டுவது அந்த மூன்று வரியைத்தான்.

தனத்தைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. துக்கம் என்று ஒன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உப்பு போட்டதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. குழம்பு கொதிக்கிற வாசனை மூக்குக்கு ஏறவில்லை. இரண்டு பேருக்கு வடித்துவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் சாப்பிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசலில் ஆட்டோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதைத் தாண்டித்தான் தினம் போகிறாள், வருகிறாள். உடம்பு மரத்துப்போன ஒருத்தி நடந்து போகிற மாதிரி இருக்கும் பார்த்தால்.

இதில் ஒரு கொடுமை உண்டு. ஆதரவற்ற விதவை உதவித்தொகை மனு எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நானூறு, ஐந்நூறு எழுதியிருப்பாள். ‘என் கணவர் இன்ன தேதியில் இறந்துவிட்டார்’ என்பது முதல் பத்தியில் மூன்றாவது வரி. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். ஆனால் தனக்கென்று தாளை எடுத்தால் இரண்டாவது வரியோடு பேனா நின்றுவிடும். மூன்றாவது வரிக்குக் கை போகாது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அருணகிரி தினமும் கேட்பான்.

“எக்கா, ஊருக்கெல்லாம் எழுதுற. உனக்கு எப்போ எழுதப்போற?”

“எழுதணும்.”

“நீ சொல்லு, நான் டைப் அடிக்கிறேன். ரெண்டு நிமிஷம் ஆவாது.”

“வேணாம் அருணகிரி. நானே எழுதிக்கிறேன்.”

இறப்புச் சான்றை அவன்தான் ஆபீசுக்கு அலைந்து வாங்கிவந்து கொடுத்தான். வாங்கி, பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். ஒரு தடவைகூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரி எழுத வரவில்லையே தவிர, வேறு ஒன்று எழுத வந்தது. காரியம் முடிந்த மறுநாள், சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, நீளத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு பக்கம் ஒரே மூச்சில் வந்தது. அது ஒரு கதை. வானத்துக்கு அப்பால் நடக்கிற கதை.

இவளுக்கு எங்கிருந்து இது என்று கேட்பீர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் கிளை நூலகத்தில் ஒரு அலமாரி பூராவும் இந்த மாதிரிப் புத்தகங்கள்தான். வேறு யாரும் எடுக்காததால் இவளுக்கு எப்போதும் கிடைக்கும். ராக்கெட்டு, வேற்றுக்கிரகம், காலத்தில் பின்னால் போகிற எந்திரம், எல்லாம் படித்தாள். படிக்கப் படிக்க ஒரு குறை. அதில் வருகிறவர்கள் எல்லாரும் விஞ்ஞானி, இல்லாவிட்டால் தளபதி. யாருக்கும் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருக்காது. யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள். அது எப்படி என்று தனம் யோசிப்பாள். ஜனம் எங்கே போனாலும் அங்கே ஒரு ஆபீஸ் வந்துவிடும். ஆபீஸ் வந்துவிட்டால் எதிரே ஒரு மரத்தடியில் மனு எழுத ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மரம் இல்லாத கிரகமாக இருந்தால் வெயிலில் உட்கார்ந்திருப்பாள்.

அதனால் அவள் கதையும் மனுவாகவே வந்தது. வேறு விதமாக எழுத அவளுக்குத் தெரியாது. அனுப்புநர் ரேவதி, எட்டாம் குடியிருப்பு. பெறுநர் குடியிருப்பு அலுவலர் அவர்கள். பொருள், குடும்ப அட்டையில் கணவர் பெயரை வைப்பதா நீக்குவதா என்று தெளிவுரை கோருதல்.

‘ஐயா, என் கணவர் சென்ற ஆண்டு கப்பலில் வேலைக்குச் சென்றார். கப்பலில் அவருக்கு ஒரு வருடம் கழிந்தால் இங்கே எங்களுக்குப் பத்து வருடம் கழியும் என்று ஏற்றிவிடும்போது சொன்னார்கள். அவருக்கு நான்கு வருட வேலை. திரும்பி வரும்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். எனக்கு எண்பத்தொன்று. அவர் பெயர் அட்டையில் உள்ளது. அவர் பங்கு அரிசியும் வருகிறது. ஆனால் நான் கூப்பிட்டால் அவருக்குக் கேட்க ஒன்பது வருடம் ஆகும். எனவே அவரை இருப்பவராகக் கணக்கில் கொள்வதா, இல்லாதவராகக் கணக்கில் கொள்வதா என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

விலாசம் எழுதும் இடத்தில் எட்டாம் குடியிருப்புக்குக் கீழே, பழக்கதோஷத்தில், கை தானாகவே தன் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் தன் போன் நம்பரையும் எழுதிவிட்டது. போன் இல்லாத ஜனங்களுக்கெல்லாம் அவள் நம்பரைத்தான் போடுவாள், அந்தப் பழக்கம். கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கதை ஆறு மாசம் மேசை டிராயரில் கிடந்தது. ஒருநாள் அருணகிரி போனில் வந்த ஒரு அறிவிப்பைக் காட்டினான். சென்னையில் ஒரு சின்ன பதிப்பகம். அறிவியல் புனைகதையில் இதுவரை கேட்காத குரல்களைத் தொகுக்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாமாம். “நீ அனுப்பு எக்கா, உனக்குப் பொழுதாவது போவும்” என்றான். தாளை அப்படியே தபாலில் போட்டாள். இருபது நாளில் போன் வந்தது. தொகுப்பாளர் பெயர் கவிநிலா. சின்ன வயசுக் குரல், படபடவென்று பேசியது.

“மேடம், கதை எடுத்துக்கறோம். இவ்ளோ நாளா ஸ்பேஸ்னாலே ஒரே மாதிரி ஆளுங்கதான் எழுதிட்டு இருந்தாங்க. இதுல மீன் ஏலம் விடற ஒரு அம்மா எழுதியிருக்காங்க, ஒரு திருநங்கை எழுதியிருக்காங்க, ஜவ்வாது மலையிலேர்ந்து ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. உங்க கதைய முதல்ல வைக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு விஷயம், அந்த எடம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் வர்ணனை வரலாமே? ரெண்டு சூரியன், செவப்பு மண்ணு, அந்த மாதிரி.”

“மனுவுல அதெல்லாம் எழுதமாட்டாங்கம்மா. ஆபீசருக்கும் அதே ரெண்டு சூரியன்தானே, அவருக்குத் தெரிஞ்சத அவருக்கே எதுக்கு எழுதணும்?”

“ஆமால்ல. சரி, அது அப்படியே இருக்கட்டும். ஆனா முடிவு வேணும் மேடம். மனு குடுத்தாச்சு. பதில் என்ன வந்துச்சு? அந்த ஆள் இருக்காரா, இல்லையா? ரேவதி என்னன்னு ஏத்துக்கிட்டா? அது இல்லாம கதை அந்தரத்துல நிக்குது. மாசக் கடைசிக்குள்ள குடுத்தா சேத்துடுவேன். அதுக்கு மேல அச்சுக்குப் போயிடும்.”

“எழுதுறேங்க.”

“உங்க வீட்டுக்காரர் படிச்சாரா? என்ன சொன்னாரு?”

தனம் வாசலில் தார்ப்பாய் போர்த்திய வண்டியைப் பார்த்தாள். “அவரு சவாரிக்குப் போயிருக்காருங்க” என்றாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாய் அப்படிச் சொன்னது. போனை வைத்த பிறகும் அவளுக்கு வெட்கமாகவோ வேதனையாகவோ ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு அரிசி களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து கதையை ஞாபகத்திலிருந்தே, வீட்டு விலாசமும் போன் நம்பரும் உட்பட, புதிதாக, அழகான கையெழுத்தில் எழுதினாள். முடிவுக்கு வந்ததும் அதே இடத்தில் பேனா நின்றது. அங்கே வேண்டியிருந்ததும் அந்த மூன்றாவது வரிதான். அவள் கதைக்கும் அவள் மனுவுக்கும் பாக்கி இருந்தது ஒரே வரி. அதை எழுதினால் இரண்டும் முடியும். எழுதவில்லை. ‘தங்கள் பதிலை எதிர்நோக்கும்’ என்று போட்டு, ரேவதி என்று கையெழுத்தும் போட்டு, முடிவு இல்லாமலே அனுப்பிவிடலாம், சேர்த்தால் சேர்க்கட்டும் என்று திங்கட்கிழமை மேசைக்கு எடுத்து வந்தாள்.

அன்றைக்கு நல்ல கூட்டம். அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே ஒரு தெருவிலிருந்து வள்ளி வந்திருந்தாள். கிரிவலப் பாதையில் சின்னதாகக் கடை போட்டிருப்பவள், ஐம்பது வயசு இருக்கும், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அவள் தெருவில் குழாய் போட்டு ஒன்பது மாசம், தண்ணீர் வரவில்லை. அதற்கு மனு. எழுதி, கையெழுத்து வாங்கி, வரிசையில் கசங்காமல் இருக்கட்டும் என்று பழுப்புக் கவரில் போட்டாள் தனம். மேசையில் இன்னொரு பழுப்புக் கவர், அதில் கதை. அதே தாள், அதே மை, அதே கையெழுத்து. அடுத்த ஆள் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாவை விரிக்க, ஒரு கவரை வள்ளியிடம் கொடுத்தாள். இன்னொன்றின் மேல் சென்னை விலாசத்தை எழுதி, தபால் ஆபீஸ் பக்கம் போன அருணகிரியிடம் கொடுத்தனுப்பினாள்.

மத்தியானம் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் மனு பெறப்பட்டது, மனு எண் இவ்வளவு. திங்கட்கிழமை இந்த மாதிரி ஏழெட்டுச் செய்தி வரும். யாருடையதோ என்று பார்க்காமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை கவிநிலா கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மேடம், பழைய கதைய விட்டுடுங்க. இப்ப அனுப்பினீங்களே, இதுதான் கதை. படிச்சிட்டு ஆபீஸ்ல எல்லாரும் அப்படியே உக்காந்துட்டோம். கொழாய் இருக்கு, தண்ணி இல்ல. வரிசை இருக்கு, வரிசையில ஆள் இல்ல, கொடம் மட்டும் நிக்குது. எந்தக் கொடம் யாரோடதுன்னு சத்தத்த வெச்சே சொல்றாங்க. நூறு வருஷம் கழிச்சு நடக்கற கதைன்னு ஒரு எடத்துல கூட சொல்லாம சொல்லிட்டீங்க.”

தனத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“அது கதை இல்லீங்க” என்றாள்.

“கதை மாதிரியே இல்லதான் மேடம், அதான் அதோட அழகே.”

“இல்லம்மா, அது மெய்யாலுமே மனு. வள்ளின்னு ஒரு அக்கா. கவர் மாறிப்போச்சு.”

பாவம் அந்தப் பெண். சின்னக் குரலில், “அப்ப தண்ணி நெஜமாவே வரலையா?” என்று கேட்டாள். வரவில்லை என்றாள் தனம். “சாரி மேடம்” என்றாள் கவிநிலா. யாருக்கு, எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில், பழைய கதையின் முதல் பிரதி தன்னிடம் பத்திரமாக இருக்கிறது, முடிவு மட்டும் வந்தால் போதும், மாசக் கடைசி மறந்துவிட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் தனம் வள்ளியின் மனுவை ஒரு வரி விடாமல் ஞாபகத்திலிருந்தே மறுபடி எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். வள்ளி கடை முன்னால் பழைய லாரி டயரில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் துடைத்துக்கொண்டிருந்தாள். தனம் நடந்ததைச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினாலும் தனக்கு ஒன்றும் உறைக்கப்போவதில்லை என்றும் நினைத்தாள்.

“இரு, இரு. என் மனுவ மெட்ராசுல கதையினு படிச்சாங்களா?”

“ஆமாக்கா.”

“இன்னா சொன்னாங்க?”

“ரொம்ப நல்லா கீதுன்னாங்க. புஸ்தகத்துல போடுறோம்னாங்க.”

“தண்ணி வுடுவாங்களாமா?”

“அது அவங்க கையில இல்லக்கா.”

“அப்ப அவங்க நல்லா கீதுன்னு சொல்லி நான் இன்னா பண்றது? கையெழுத்து எங்க போடணும், காட்டு.” கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப திங்கக்கெழம நான் குடுத்துட்டு வந்தது இன்னா?”

“அது நான் எழுதுன கதைக்கா. புருஷன் தூரதேசம் போயிட்டான், கீறானா இல்லையான்னு ஒருத்தி கேக்குறா.”

வள்ளி எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தாள். சகாதேவன் வண்டியில் அவள் எத்தனையோ தடவை சரக்கு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். “அடிப்பாவி” என்று மட்டும் சொன்னாள். ஒரு சோடா உடைத்துக் கையில் கொடுத்தாள். தனம் குடித்தாள். இனிப்பா உப்பா என்று தெரியவில்லை. ஆபீசுக்குப் போய், இந்த மாதிரி தப்பாகப் போய்விட்டது, கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. போனது போகட்டும் என்று விட்டுவிட்டாள். எட்டு மாசமாக எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் தபால்காரம்மா வீட்டு வாசலில் நின்று, “ரேவதின்னு இங்க யாரு?” என்று கேட்டார். நம்பர் சரி, தெரு சரி. தனம் கையை நீட்டி வாங்கினாள். அரசு முத்திரை போட்ட பழுப்புக் கவர்.

உள்ளே அச்சடித்த படிவம். இந்தப் படிவத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. கீழ்க்காணும் ஆவணம் இணைக்கப்படாததால் மேல் நடவடிக்கை எடுக்க இயலவில்லை.’ கீழே வரிசையாகக் கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் நீல மையில் டிக். கணவரின் இறப்புச் சான்று நகல்.

அந்த ஆபீசில் இருந்தவரைக் குறை சொல்லவே கூடாது. தனம் எழுதியது அப்படி. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் உலகத்தில் இல்லையா, எட்டாம் குடியிருப்பு என்று ஒரு காலனி இருக்கக் கூடாதா. யாரோ ஒரு பெண் செத்துப்போன புருஷன் வருவான் வருவான் என்று புத்தி பேதலித்து எழுதியிருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். படித்திருக்கிறார், அதுவும் நாலு பக்கத்தையும் படித்திருக்கிறார். ஏனென்றால் படிவத்துக்கு அடியில், காலியாகக் கிடந்த இடத்தில், அதே நீல மையில் கையால் எழுதியிருந்தது.

‘அம்மா, அவர் வர நாற்பது வருடம் ஆகும் என்கிறீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். சான்று கைவசம் இல்லையென்றால் நேரில் வரவும். பார்த்துச் செய்யலாம்.’

பெயர் இல்லை, சுருக்கக் கையெழுத்து மட்டும். தனம் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள். அவள் எழுதிய மனுக்களில் ஒன்றுக்குக்கூட இந்த மாதிரி ஒரு பதிலை அவள் பார்த்ததில்லை.

உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். புடவைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். சான்று கைவசம் இருந்தது. எட்டு மாசத்தில் முதல் தடவையாக அதைப் படித்தாள். இறந்தவர் பெயர், சகாதேவன். இறந்த இடம், இறந்த தேதி. மனைவி பெயர், தனம். எல்லாம் பிழையில்லாமல் இருந்தது. மற்றவர்கள் சான்றில் பிழை தேடிப் பழகிய கண், இதிலும் தேடியது. ஒரு எழுத்து தப்பாக இருந்தால்கூட இது வேறு யாருடையதோ என்று சொல்லிவிடலாம். ஒன்றும் இல்லை.

மேசைக்குப் போனாள். அருணகிரியிடம் சான்றை நீட்டி, “ஒரு ஜெராக்ஸ் எடு” என்றாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எடுத்துக் கொடுத்தான். தாளை எடுத்து அனுப்புநர், பெறுநர், பொருள் எழுதினாள். முதல் வரி, இரண்டாவது வரி எழுதினாள். அங்கே போன் அடித்தது. கவிநிலா.

“மேடம், நாளன்னிக்கு அச்சுக்குப் போகுது. முடிவு என்னாச்சு?”

“வந்துடுச்சுங்க” என்று தனம் படிவத்தைப் படித்துக் காட்டினாள். கட்டத்தில் இருந்ததையும் படித்தாள், அடியில் நீல மையில் இருந்ததையும் படித்தாள்.

“இதை நீங்க எழுதினீங்களா?”

“இல்ல. ஆபீசுல ஒருத்தரு எழுதினாரு. யாருன்னு தெரியாது.”

“இதுதான் முடிவு மேடம். இதுக்கு மேல ஒரு எழுத்துகூட வேணாம்.” “உங்க வீட்டுக்காரர் இதப் பாத்தாரா? என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் கவிநிலா. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. போன தடவையும் கேட்டோமே என்று கேட்டாள்.

வேப்பமரத்துக்குக் கீழே வெயில் புள்ளி புள்ளியாகத் தாளில் விழுந்திருந்தது. மூன்றாவது வரி காலியாக இருந்தது.

“அவரு செத்துட்டாரும்மா” என்றாள் தனம். “எட்டு மாசம் ஆச்சு. அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேன். ஆட்டோவுல உக்காந்த எடத்துலயே செத்துட்டாரு. ரெண்டு பேரு வந்து கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிருக்காங்க. நான் மனு எழுதிகினு இருந்தேன்.”

கவிநிலா என்ன சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். என் கணவர் திரு. சகாதேவன் என்று எழுதி, தேதியைச் சான்றைப் பார்த்து எழுதி, இறந்துவிட்டார் என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் தாளில் சொட்டு விழுந்தது. முதலில் மரத்திலிருந்து ஏதோ விழுகிறது என்று நினைத்து மேலே பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். எதிரே மனுவுக்குக் காத்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, யார் என்ன என்று ஒன்றும் கேட்காமல், அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

அருணகிரி கடையிலிருந்து வெளியே வந்தான். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேசையிலிருந்த தாளை மெதுவாக இழுத்து, ஈரம் படாத பக்கம் வைத்தான்.

“மை கலைஞ்சிடும் எக்கா” என்றான்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். இறந்துவிட்டார் என்ற இடத்தில் மை லேசாகப் படர்ந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. வேறு தாளில் திருப்பி எழுதவில்லை. மீதி வரிகளை எழுதி, தன் பெயரில் கையெழுத்துப் போட்டாள். கீழே இணைப்பு என்று எழுதி, சான்று நகலை அதோடு சேர்த்துப் பின் அடித்தாள்.